டெம்ப் ஃபோல்டரில் தூங்கும் ஆதார்

"டெம்ப்" என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு ஃபைல் தானாகவே காணாமல் போய்விடும் என்று நம்புகிற கூட்டம் இரண்டு. ஒன்று, என்னை மாதிரி பொட்டி தட்டிப் பிழைக்கிற சாஃப்ட்வேர் ஜனங்கள். இன்னொன்று, நாங்கள் தட்டினதைப் பயன்படுத்துகிற மீதி உலகம். :-) இந்தப் பதிவு ரெண்டாவது கூட்டத்துக்கு. அதிலும் ஊரை விட்டு பெங்களூருக்குக் குடி வந்திருக்கிற, அடுத்த ஜூனில் பிள்ளைகளை ஸ்கூலில் சேர்க்கக் குடி வரப்போகிற நம்ம குடும்பங்களுக்கு. திட்டு மட்டும் முதல் கூட்டத்துக்கு.

முதலில் ஒரு பழைய கதை. 2022 மே 27, வெள்ளிக்கிழமை. ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். உரிமம் வாங்காத ஓட்டல்களும் சினிமா தியேட்டர்களும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இதுதான் சாராம்சம். அவ்வளவுதான், அந்த வாரக் கடைசி பூரா நாடே அல்லோலகல்லோலம். திருப்பதியிலிருந்து கோவா வரைக்கும் ரூம் போட்ட அத்தனை ஓட்டலிலும் நகல் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மே 29, தில்லியிலிருந்து மின்னணு அமைச்சகம் இன்னொரு அறிக்கை விட்டது. யாரோ ஃபோட்டோஷாப் செய்த ஆதாரைத் தவறாகப் பயன்படுத்தப் பார்த்தார்கள், அதையொட்டி பெங்களூர் அலுவலகம் எழுதியது அது, தப்பாகப் புரிந்துகொள்ள இடமிருப்பதால் உடனடியாகத் திரும்பப் பெறுகிறோம், வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்று.

எல்லோரும் ஓட்டலைப் பற்றியே சண்டை போட்டதில் அந்தக் குறிப்பில் இருந்த இன்னொரு வரியை யாருமே கண்டுகொள்ளவில்லை. பொதுக் கம்ப்யூட்டரில், பிரவுசிங் சென்டரில் இ-ஆதாரை டவுன்லோட் செய்யாதீர்கள், செய்தே ஆகவேண்டும் என்றால் இறக்கின எல்லா நகலையும் அந்த மெஷினிலிருந்து நிரந்தரமாக அழித்துவிட்டு எழுந்திருங்கள் என்று சொன்ன வரி. என்னைக் கேட்டால் அந்தக் குறிப்பிலேயே உருப்படியான வரி அதுதான். குழந்தையைக் குளிப்பாட்டின தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டார்கள்.

ஏன் உருப்படி என்கிறேன் என்றால், பெங்களூருக்கு வந்த முதல் மாசம் நாம் எத்தனை பேரிடம் காகிதம் நீட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரர். புரோக்கர். 11 மாச ரெண்டல் அக்ரிமெண்ட் அடிக்க ஈ-ஸ்டாம்ப் கடை. கேஸ் கனெக்‌ஷன். ஸ்கூல் அட்மிஷன். ஆபீஸில் ஒரு செட். அபார்ட்மெண்ட் என்றால் அசோசியேஷனுக்கு ஒரு செட். பொம்மனஹள்ளியிலோ ஸ்ரீராமபுரத்திலோ சின்ன வீடு எடுத்துத் தங்கி, கட்டட வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிற நம்ம ஜனங்கள் என்றால் இன்னும் கூட. அவர்களுக்கு வீட்டில் பிரிண்டர் கிடையாது, லேப்டாப் கிடையாது. எல்லாமே தெருமுனை ஜெராக்ஸ் கடைதான். "ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, பாஸ்போர்ட், ரெண்டல் அக்ரிமெண்ட்" என்று மூணு மொழியில் போர்டு தொங்குமே, அதே கடை.

அங்கே என்ன நடக்கிறது? நீங்கள் ஃபோனிலிருந்து பி.டி.எஃப்-ஐ கடைக்காரர் வாட்ஸப்புக்கு அனுப்புகிறீர்கள், இல்லை மெயில் செய்கிறீர்கள். அவர் அதைத் திறக்கிறார். பாஸ்வேர்ட் கேட்கிறது. இ-ஆதாரின் பாஸ்வேர்ட் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து, கூடவே பிறந்த வருஷம். (நம்ம ஊர் இனிஷியல்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கூத்து. பி. குமார் என்று அச்சாகியிருந்தால் இனிஷியல், புள்ளி எல்லாம் அந்த நாலில் சேர்த்தி. கடையில் பாதிப் பேர் இந்தப் புள்ளியில்தான் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.) பெயரும் பிறந்த வருஷமும் கார்டிலேயே இருக்கிறது. பூட்டுக்கு மேலேயே சாவியை ஒட்டி வைத்த மாதிரி. சரி, அதையும் நீங்களே வாயால் சொல்கிறீர்கள், க்யூவில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி. பிரிண்ட் வருகிறது. அஞ்சு ரூபாயோ பத்து ரூபாயோ கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

அந்த மெஷினைப் பொறுத்தவரை முடியவில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு காப்பி உட்கார்ந்திருக்கிறது. பிரிண்ட் ஆகக் காத்திருக்கும் ஃபைலை விண்டோஸ் தனியாக ஒரு ஸ்பூல் ஃபோல்டரில் எழுதும். அது வழக்கமாக பிரிண்ட் முடிந்ததும் போய்விடும். ஆனால் பிரிண்டர் செட்டிங்கில் "அச்சடித்த பிறகும் வைத்திரு" என்று ஒரு டிக் இருக்கிறது, அதை யாராவது போட்டு வைத்திருந்தால் போகாது. வாட்ஸப் அரட்டையில் ஒரு காப்பி. பெரிய ஜெராக்ஸ் மெஷினாக இருந்தால் அதற்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கலாம். இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. 2010-ல் அமெரிக்காவில் சி.பி.எஸ் தொலைக்காட்சிக்காரர்கள் பழைய காப்பியர் மெஷின்களை விலைக்கு வாங்கி டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிகள் விவரம் கிடந்தது. லீஸ் முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது துடைக்காமல் கொடுத்துவிட்டார்கள். 2013-ல் அதற்காக அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. நம்ம ஊருக்கு செகண்ட் ஹாண்டாக வந்து இறங்குகிற மெஷின்களை யார் துடைக்கிறார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடலாம். "இன்காக்னிட்டோவில்தான் திறந்தேன்" என்பார்கள். இன்காக்னிட்டோ விண்டோவை மூடினால் ஹிஸ்டரி போகும், குக்கீ போகும். இறக்கின ஃபைல் போகாது. அது டவுன்லோட்ஸில் அப்படியே இருக்கும். முன்பெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில் "சும்மா திறந்து பார்" என்று கொடுத்தால் அது டெம்ப் ஃபோல்டரில் வைத்து, மூடும்போது அழித்துவிடும். 2022 மார்ச்சில் வந்த 98-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் நேராக டவுன்லோட்ஸுக்கே போகிறது. சொந்த லேப்டாப்புக்கு அது வசதி. பத்து பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிற நாற்காலிக்கு அது சரிப்பட்டு வராது.

சரி, இப்போது எங்கள் ஆட்களுக்கு வருவோம். கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த புரோகிராமும் வேலை நடுவில் கொஞ்சம் சாமானை எங்கேயாவது வைக்க வேண்டியிருக்கும். லினக்ஸ், யூனிக்ஸ் மெஷின்களில் அதற்கு டெம்ப் என்று ஒரு பொது இடம். கல்யாண மண்டபத்தில் எல்லார் பெட்டியையும் ஒரே ரூமில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பெட்டி வைக்கலாம். அடுத்தவர் பெட்டியைத் தூக்கி வெளியே போடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனால் பெட்டியைப் பூட்டாமல் வைத்தால் திறந்து பார்ப்பதை அந்தக் கட்டுப்பாடு தடுக்காது. பூட்டுவது வைத்தவர் வேலை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒரு புரோகிராம் எப்போதும் "ரிப்போர்ட் 1", "ரிப்போர்ட் 2" என்று வரிசையாகவே பெயர் வைக்கிறது என்று வையுங்கள். அடுத்து "ரிப்போர்ட் 3" வரும் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அவன் முன்கூட்டியே அந்தப் பெயரில் ஒரு கைகாட்டிப் பலகையை நட்டு வைக்கிறான். பலகை காட்டுவது வேறு ஒரு முக்கியமான ஃபைலை. நம்ம புரோகிராம் பலகை இருப்பதே தெரியாமல் "ரிப்போர்ட் 3"-ல் எழுதுகிறது. எழுதியது போய் விழுவது அந்த முக்கியமான ஃபைலின் தலையில். அந்த புரோகிராம் அட்மின் அதிகாரத்தோடு ஓடினால் கதை கந்தல். சிம்லிங்க் தாக்குதல் என்பது இதுதான். ரொம்பப் பழைய வித்தை. மருந்தும் பழசு: யாரும் ஊகிக்க முடியாத பெயர், ஃபைல் பிறக்கும்போதே சொந்தக்காரர் மட்டும் படிக்கிற பூட்டு, ஏற்கனவே அந்தப் பெயர் இருந்தால் எழுதாமல் நின்றுவிடுவது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற கட்டளைகள் எல்லா மொழியிலும் இருக்கின்றன. பைத்தானில் பழைய ஆபத்தான கட்டளையை "இனி தொடாதீர்கள்" என்று 2003-ல் வந்த 2.3 பதிப்பிலேயே ஓரம் கட்டிவிட்டார்கள். லினக்ஸ் கர்னலிலும் 2012-ல் இந்தக் கைகாட்டி வேலைக்கு ஒரு தடுப்பு சேர்த்தார்கள்.

அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா? பழக்கம். ஜாவா உலகத்தில் குவாவா என்று கூகிளின் ஒரு நூலகம். வங்கி, காப்பீடு, அரசு போர்ட்டல் என்று எங்கே தோண்டினாலும் அது இருக்கும். அதில் டெம்ப் ஃபோல்டர் உருவாக்கித் தருகிற ஒரு வசதி, மெஷினில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஃபோல்டரைத் திறந்தே வைத்தது. 2020-ல் அதைப் பாதுகாப்புக் குறையாகப் பதிவு செய்தார்கள். உடனே செய்தது, "இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று ஒரு முத்திரை குத்தினது. நிஜமான திருத்தம் 2023-ல் வந்த 32-ஆம் பதிப்பில். அதே 2020-ல் ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியிலும் இதே ஜாதிக் குறை வெளியே வந்து, அதை அக்டோபரில் சரி செய்தார்கள். இவ்வளவு பேர் கண் பட்ட நூலகத்துக்கே இந்தக் கதி என்றால், ஏதோ ஒரு டெட்லைன் ராத்திரியில் எழுதின "ஆவணம் பதிவேற்று" பக்கத்தின் கதி?

ஆபீஸில் இதைச் சொன்னால் ஒரு பதில் வரும். "பாஸ், அந்த சர்வரில் நம்ம புரோகிராம் மட்டும்தானே ஓடுது, வேற யார் எட்டிப் பார்க்கப் போறா?" பாதி நியாயம். இப்போதெல்லாம் ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனி டப்பாவில் அடைத்துத்தான் ஓட்டுகிறோம். ஆனால் எட்டிப் பார்க்கிறவன் மட்டுமா ஆபத்து, அழியாமல் சேர்கிறதும்தான் ஆபத்து. ஜாவாவில் "வெளியே போகும்போது அழி" என்று ஒரு வசதி இருக்கிறது. புரோகிராம் ஒழுங்காக நின்றால்தான் அது அழிக்கும். சர்வர் புரோகிராம் எங்கே நிற்கிறது? மாசக் கணக்கில் ஓடும். நடுவில் பொசுக்கென்று செத்துப்போனால் அழிக்கவே அழிக்காது. அத்தனை பேருடைய பான் கார்டும் சம்பளச் சீட்டும் அங்கே குவியும். அப்புறம் டிஸ்க் நிறைந்துபோச்சு என்று ஒருத்தர் அலறுவார், இன்னொருத்தர் அந்த ஃபோல்டரையே ஜிப் செய்து டிக்கெட்டில் இணைப்பார், ஜிப் மூணு பேர் லேப்டாப்புக்குப் போகும். இதில் திருடனே தேவையில்லை பாருங்கள். நான் இதுவரை பார்த்த கோட் ரிவ்யூக்களில் "இந்த ஃபைலை யார், எப்போது அழிப்பார்கள்?" என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தது குறைவு. "அது டெம்ப் தானே" என்பதுதான் வழக்கமான பதில்.

"போனால் போகட்டும், ஒரு ஆதார் காப்பிதானே, அதை வைத்து என்ன செய்துவிடுவான்" என்று கேட்பவர்களுக்கு 2023-ல் பெங்களூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடோ மனையோ பத்திரம் பதிந்த பல பேருடைய வங்கிக் கணக்கிலிருந்து, ஓ.டி.பி எதுவும் வராமலேயே, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் பணம் போனது. பதிவான பத்திரங்களில் இருந்த ஆதார் எண்ணையும் கைரேகையையும் எடுத்துத்தான் இதைச் செய்தார்கள் என்று போலீஸ் சொன்னது. ஆதார் சைட்டிலோ செயலியிலோ பயோமெட்ரிக்கை லாக் செய்து வையுங்கள் என்ற அறிவுரை அப்போதுதான் வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே கசிந்தது டெம்ப் ஃபைல் இல்லை, நிரந்தரப் பத்திரம். ஆனால் ஒரு துண்டு ஒரு இடத்திலும் இன்னொரு துண்டு இன்னொரு இடத்திலும் கிடைத்தால் போதும், சேர்த்துத் தைக்க ஆள் இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. ஜெராக்ஸ் கடை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பது அந்த மாதிரி ஒரு துண்டு. அதே ஃபோல்டரில் உங்கள் ரெண்டல் அக்ரிமெண்ட்டும் இருக்கும்: கையெழுத்து, அப்பா பெயர், சொந்த ஊர் விலாசம், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது உட்பட.

இதில் சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. 2011-ல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிமுறை கொண்டு வந்தது. வருகிறவரின் அடையாள அட்டையை நகலோ ஸ்கேனோ எடுத்து ஒரு வருஷமாவது பத்திரமாக வைக்க வேண்டும், யார் எந்த மெஷினில் எப்போது உட்கார்ந்தார் என்று பதிவேடு எழுத வேண்டும். அவர்கள் கவலை எல்லாம் உட்கார்ந்தவன் தீவிரவாதியா என்பதில். உட்கார்ந்தவன் விட்டுவிட்டுப் போனதை யார் துடைப்பது என்பதில் இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பரவாயில்லை. எதற்காக வாங்கினார்களோ அந்தக் காரியம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்கிறது, பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாசம் அவகாசம். பெரிய கம்பெனிகள் இதற்காக ஒரு டீமே வைத்துவிடும். மடிவாளா சந்துக் கடைக்கு இந்தச் சட்டம் நடந்து வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ.

அதனால் என் கட்சி இது: ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஜனங்களிடம் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற ஒரு அம்மா, கன்னடமும் இங்கிலீஷும் ஓடுகிற ஸ்க்ரீனில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தேடி, ஷிஃப்ட் டிலீட் அடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கடைக்காரர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் பாவம் அவரும் பிழைக்க வந்தவர்தான், மாலூரிலிருந்தோ கோலாரிலிருந்தோ, ஏன், கிருஷ்ணகிரியிலிருந்தோ. விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, டவுன்லோட்ஸில் ஒரு நாள் சும்மா கிடந்த ஃபைலை அதுவே அழிக்கும். ஆனால் டவுன்லோட்ஸுக்கு அது தானாக வேலை செய்யாது, நாம் போய் ஆன் செய்ய வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியிலும் வொயிட்ஃபீல்டிலும் இத்தனை லட்சம் பொட்டி தட்டுபவர்கள் இருக்கிற ஊரில், தெருமுனைக் கடையில் இதை ஆன் செய்துகொடுக்க ரெண்டு நிமிஷம். எங்கள் தெருக் கடையில் கேட்டேன், அவர் சந்தோஷமாகச் சரி என்றார். அவருக்கும் டிஸ்க் நிறையாமல் இருக்கிறதே!

போர்ட்டல் கட்டுகிறவர்கள் இன்னும் ஒரு படி முன்னால் போகலாம். டிஜிலாக்கரிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வழி இருக்கும்போது, ஏன் ஆதாரை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஸ்கேன் செய்து 200 கேபிக்குள் அடக்கி ஏற்றச் சொல்கிறீர்கள்? அந்த 200 கேபிக்காகவே ஜனங்கள் யாரோ ஒருவருடைய இலவச "பி.டி.எஃப் சுருக்கும்" சைட்டில் கொண்டுபோய் அதைப் போடுகிறார்கள். அந்த சைட்டின் டெம்ப் ஃபோல்டர் எந்த நாட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் கடைக்குப் போகிறவர்களுக்கு: வீட்டுக்காரர் கேட்டால் முதலில் மாஸ்க்டு ஆதாரையே நீட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். கடையில் வாட்ஸப்பில் அனுப்பினால், பிரிண்ட் கையில் வந்ததும் "எல்லோருக்கும் அழி" கொடுங்கள். அவர் மெஷினில் இறங்கிவிட்ட காப்பி அதில் போகாது, அதை அவர்தான் அழிக்க வேண்டும். உங்கள் வாட்ஸப்பையே கடை மெஷினில் திறந்திருந்தால் ஃபோனில் லிங்க்டு டிவைசஸ் போய் வெளியேற்றிவிட்டு நகருங்கள். கன்னடம் வராதே என்று தயங்க வேண்டாம். கன்னடத்திலும் அண்ணா அண்ணாதான். "அண்ணா, ஃபைல் டிலீட் மாடி" என்றால் போதும். ரீசைக்கிள் பின்னையும் காட்டி இன்னொரு தடவை "மாடி" என்று சொல்லுங்கள்.